தண்ணீரில் விழும் சிகரெட் துண்டு

அவரையிலும் கத்தரியிலும் அசுவினி கண்டால் புகையிலைக் கஷாயம் தெளிப்பது தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் புதிய செய்தி அல்ல. அரை கிலோ புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் முழுவதும் ஊற வைத்து வடிகட்ட வேண்டும். 120 கிராம் பார் சோப்பைத் தனியே கரைத்து அதில் சேர்க்க வேண்டும். பிறகு ஆறேழு மடங்கு தண்ணீர் கலந்து கைத்தெளிப்பானால் அடித்தால் அசுவினி, இலைப்பேன், மாவுப்பூச்சி போன்ற மெல்லுடல் பூச்சிகள் மடியும். கடைகளில் புட்டிப் புட்டியாகப் பூச்சிமருந்து வந்து குவிவதற்கு முன்பே பலருக்கும் கைவந்த முறை இது.

இந்தக் கஷாயத்தைத் தயாரித்தவர் எவரும் அந்தப் பாத்திரத்தை மீன் தொட்டியில் கழுவ மாட்டார். மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலும் வைக்க மாட்டார். ஆனால் அதே புகையிலை, காகிதத்தில் சுருட்டப்பட்டு, பாதி எரிந்து, துண்டாகத் தண்ணீரில் விழும்போது அதை ஒரு பொருட்டாக எண்ணுவோர் குறைவு. ஏரிக்கரை டீக்கடையில், மதகடியில், இறவைக் கிணற்று மேட்டில், கடற்கரைப் படகு நிழலில் என்று எங்கும் அது கிடக்கிறது. மழை வந்தால் அடித்துக்கொண்டு போகிறது. போன இடத்தில் அது செய்யும் வேலை, கஷாயம் அசுவினிக்குச் செய்யும் வேலைதான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதி, பழைய செங்கல்பட்டு ஜில்லாவாக இருந்த காலம் முதலே ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றது. மதுராந்தகம் ஏரி, கொளவாய் ஏரி முதலாக ஊருக்கு ஊர் ஏரியும் தாங்கலும் குளமும் இங்கே உண்டு. ஒன்றின் கலங்கல் நீர் அடுத்ததற்குப் போகும். கிழக்கே போனால் பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு கழிமுகம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகத்துவாரம். மேற்கே சாலையோரம் விழுந்த துண்டும், கிழக்கே சுற்றுலாப் பயணி மணலில் அமுக்கிவிட்டுப் போன துண்டும், ஐப்பசி மழையில் ஏதாவது ஒரு நீர்நிலையைப் போய்ச் சேர்ந்தே தீரும்.

பஞ்சு அல்ல, பிளாஸ்டிக்

சிகரெட்டின் அடியில் இருக்கும் பில்டரை எல்லோரும் 'பஞ்சு' என்றுதான் சொல்கிறார்கள். பார்க்க வெள்ளையாக, தொட மெத்தென்று இருப்பதால் வந்த பெயர் அது. பருத்தி விளைவிப்பவர் அதைப் பஞ்சு என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸை ரசாயன முறையில் மாற்றி இழையாக இழுத்த செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருள் அது. பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. ஒரு பில்டருக்குள் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் நெருக்கமாகக் கட்டப்பட்டுள்ளன. பருத்திப் பஞ்சை மண்ணில் புதைத்தால் சில மாதங்களில் மக்கிவிடும். இது மக்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

புகையிலுள்ள நஞ்சில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதற்காகத்தான் பில்டர் வைக்கப்பட்டது. அப்படிப் பிடித்த நிகோடின், தார், காட்மியம், ஈயம், ஆர்செனிக் ஆகியவற்றோடுதான் அது தரையில் விழுகிறது. குடித்தவரைப் பில்டர் காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை. பில்டரால் உடல்நலத்துக்கு நன்மை உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் நாலரை லட்சம் கோடி சிகரெட் துண்டுகள் கண்ட இடத்தில் வீசப்படுகின்றன என்பதும் அந்நிறுவனம் தந்த கணக்கே. கடற்கரைத் துப்புரவுப் பணிகளில் உலக அளவில் பல ஆண்டுகளாக எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தது சிகரெட் துண்டுதான். 2019-ஆம் ஆண்டுத் துப்புரவில்தான் தின்பண்ட உறைகள் அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளின.

பீடியை இதே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. அதில் பில்டர் இல்லை. சுற்றிய இலை மக்கிவிடும், கட்டிய நூலும் போய்விடும். ஆனால் எரியாமல் மிஞ்சிய புகையிலை தண்ணீரில் கரைந்தால் அதில் நிகோடின் வராமல் இராது. ஆகவே 'நான் குடிப்பது பீடிதானே' என்பவர் பிளாஸ்டிக் குற்றத்திலிருந்து தப்பலாம்; தண்ணீர்க் குற்றத்திலிருந்து தப்ப முடியாது.

நரம்பைத் தொடும் நஞ்சு

நிகோடின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்கோ தசைக்கோ செய்தி போக, உடலில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் நிகோடின் போய் உட்கார்ந்துகொள்கிறது. முதலில் நரம்பு வரம்பு மீறித் துடிக்கிறது. பிறகு ஓய்ந்துவிடுகிறது. பூச்சி முதலில் நடுங்கி, பின் அசைவற்றுப் போவது இதனால்தான். இன்று நெல்லிலும் பருத்தியிலும் தெளிக்கப்படும் இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் ஆகியவை இதே இடத்தைத் தாக்கும் மருந்துகள். அவற்றின் தொகுதிப் பெயரான நியோநிகோடினாய்டு என்பதற்கே 'புதிய நிகோடின் போன்றது' என்றுதான் பொருள்.

இந்த வகை நஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. கொல்வதற்குப் போதாத அளவிலும் அது நடத்தையை மாற்றும். பிரான்சில் 2012-ல் வெளியான தேனீ ஆய்வு ஒன்றை இங்கே எடுத்துக்காட்டலாம். தயாமீதாக்சாம் மிகச் சிறிய அளவில் கலந்த இனிப்பைத் தேனீக்களுக்குக் கொடுத்து, முதுகில் நுண்ணிய அடையாளத் தகடு ஒட்டிப் பறக்க விட்டார்கள். கொல்லும் அளவு மருந்து அதில் இல்லை. ஆனால் அவற்றில் பல, கூட்டுக்குத் திரும்பி வரவில்லை. கூட்டுக்குத் திரும்பாத தேனீ, பெட்டி வைத்திருப்பவரின் கணக்கில் செத்த தேனீதான்.

விலங்கு சாகவில்லை என்பதைப் பார்த்து நஞ்சு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஓட வேண்டிய நேரத்தில் ஓடாத மீனும், வளைக்குள் போக வேண்டிய நேரத்தில் போகாத புழுவும் பிணமாக மிதப்பதில்லை. வேறொன்றுக்கு இரையாகிவிடுகின்றன. விளைச்சல் குறைந்த பிறகுதான் இழப்பு கண்ணுக்குத் தெரியும். அப்போது காரணம் சொல்ல ஒரு தடயமும் இருக்காது.

சிகரெட் துண்டு ஊறிய தண்ணீரைப் பற்றி நேரடியாகவே பல ஆய்வுகள் நடந்துள்ளன. இங்கிலாந்தில் 2015-ல் வெளியான ஒன்று, கழிமுகச் சேற்றில் வளை தோண்டி வாழும் புழுவைப் பற்றியது. புகைத்த பில்டர்கள் ஊறிய கடல்நீரில் வைக்கப்பட்ட புழுக்கள், சேற்றுக்குள் புதைந்துகொள்ள வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டன. எடையில் 30 சதவீதத்துக்கு மேல் இழந்தன. அவற்றின் மரபணுச் சேதம் இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பில்டரின் நுண்ணிழைகளைச் சேற்றில் கலந்து வைத்தபோது குறிப்பிடத்தக்க பாதிப்பு தென்படவில்லை. ஆக, உடனடிக் கேடு செய்வது இழையைவிட, அதிலிருந்து கரைந்து வரும் நஞ்சே என்று தெரிகிறது.

வெளிநாட்டுப் புழுவுக்கு வந்த வியாதி இங்கே எதற்கு என்று கேட்கலாம். முட்டுக்காடு, கோவளம், பாலாற்று முகத்துவாரச் சேற்றிலும் இதே இனத்தை ஒத்த பல்கால் புழுக்கள் வாழ்கின்றன. வலசை வரும் உள்ளான்கள் அலகை நுழைத்துத் தேடுவது அவற்றைத்தான். மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்கு உயிருணவாகக் கொடுப்பதும் இவ்வகைப் புழுதான். தாய் இறால் நல்ல முட்டை வைக்க அது மிகவும் வேண்டியது. எடை இழந்த புழுவில் அந்தச் சத்து எங்கிருந்து வரும்?

பாறைகளில் ஒட்டி வாழும் கடல் நத்தைகளைப் பற்றி ஆஸ்திரேலியாவில் அதே 2015-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. லிட்டருக்கு 5 துண்டுகள் வீதம் இரண்டு மணி நேரம் ஊற வைத்த கடல்நீரில், எடுத்துக்கொண்ட மூன்று இன நத்தைகளும் எட்டு நாட்களுக்குள் முழுவதும் மடிந்தன. நீர்த்த கரைசலில் உயிரோடிருந்தவற்றின் நடமாட்டமும் இனத்துக்கு ஏற்றபடி மாறியது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை அடுத்த பாறைகளில், அலை வற்றும்போது தங்கும் சிறு குழித் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு குழியில் சில லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். அடுத்த அலை ஏறும் வரை அந்த நத்தைக்கு அதுதான் கடல்.

பறவைகள் விஷயம் சற்று விசித்திரமானது. மெக்சிகோ நகரில் சிட்டுக்குருவிகளும் பின்ச் எனும் குருவி இனமும் சிகரெட் பில்டரைப் பிய்த்துக் கூட்டில் வைத்துக்கொள்வதை 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துச் சொன்னது. துண்டு அதிகமுள்ள கூட்டில் பேன் குறைவாக இருந்தது. பின்னர், கூட்டில் உண்ணியை விட்டுப் பார்த்தபோது குருவிகள் மேலும் துண்டுகளைக் கொண்டு வந்தன. குருவியும் புகையிலை வைத்தியம் கண்டுபிடித்துவிட்டது என்று வியக்கலாம். ஆனால் அத்தகைய கூட்டில் வளர்ந்த குஞ்சுகளின் ரத்த அணுக்களில் மரபணுச் சேதம் இருந்ததாக 2014-ல் அதே ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பேனை ஒழிக்கப் போய்க் குஞ்சுக்கு நஞ்சூட்டிய கதை அது. கொசுப்புழு சாகட்டுமே என்று தேங்கிய நீரில் சிகரெட் துண்டைப் போட்டு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். கொசுப்புழு சாகலாம். அதைத் தின்னும் மீன் குஞ்சும் தட்டான் புழுவும் சேர்ந்து சாகும். கொசு அடுத்த வாரமே திரும்பி வரும், மீன் வராது.

எத்தனை துண்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

இங்கே மிகைப்படுத்துவதும் தவறு. ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும்போது பத்துத் துண்டு விழுந்ததால் மீன் செத்தது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அளவு தெரிந்து பேச வேண்டும்.

அமெரிக்காவில் சான்டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், புகையிலை ஒட்டியிருந்த புகைத்த துண்டு ஏறக்குறைய லிட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஊறிய தண்ணீரில், நான்கு நாட்களில் மீன் குஞ்சுகளில் பாதி இறந்தன. கடல் மீன் ஒன்று, நன்னீர் மீன் ஒன்று என இரண்டிலும் ஏறத்தாழ அதே அளவுதான். புகையிலையை அகற்றிவிட்டு வெறும் பில்டரை மட்டும் ஊற வைத்தபோது அதைவிடக் கூடுதல் எண்ணிக்கை தேவைப்பட்டது. டாப்னியா எனும் நீர்த்தெள்ளு இன்னும் மெல்லிய உயிர். 8 லிட்டர் தண்ணீருக்கு ஒரு துண்டின் மிச்சப் புகையிலை போதும், அது மடிவதற்கு. மீன் குஞ்சு வளர்ப்போர் இதைக் கவனிக்க வேண்டும். பொரித்த குஞ்சு முதல் நாட்களில் தேடித் தின்பது இந்தத் தெள்ளு போன்ற நுண்ணுயிர்களைத்தான்.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் 2014-ல் வெளியான இன்னொரு கணக்கும் உண்டு. தேங்கிய தண்ணீரில் விழுந்த துண்டு, தன்னிடமிருந்து வெளியேறக்கூடிய நிகோடினில் பாதியை முதல் 27 நிமிடத்திலேயே விட்டுவிடுகிறது. நீர்வாழ் உயிர்களுக்குப் பாதிப்பு நேராது என்று கருதப்படும் அளவைத் தாண்டச் செய்ய, ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு ஒரே துண்டு போதும்.

இவற்றைப் பண்ணைக்குட்டைக்குப் பொருத்திப் பார்க்கலாம். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நிற்கும் குட்டையில் ஒரு லட்சம் லிட்டர் இருக்கும். அதில் மீன் குஞ்சு பாதி சாக வேண்டுமானால் ஒரு லட்சம் துண்டு விழ வேண்டும். அது நடக்கப் போவதில்லை. ஆனால் பாதிப்பில்லை என்ற எல்லையைத் தாண்ட நூறு துண்டு போதும். டீக்கடைக் கழிவுநீர் சரிந்து வரும் பள்ளத்தில் குட்டை இருந்தால், முதல் மழையில் நூறு துண்டு என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. அந்த நூறுக்கும் லட்சத்துக்கும் இடையில்தான் சாவு இல்லாத, ஆனால் நடத்தை மாறக்கூடிய பெரிய பரப்பு கிடக்கிறது. மீன் சாகாத வரை கவலை இல்லை என்று அந்தப் பரப்பை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சிறு பாத்திரங்களில் கணக்கு வேறு மாதிரி. 200 லிட்டர் மாட்டுத் தொட்டியில் 25 துண்டு விழுந்தால் நீர்த்தெள்ளு மடியும் அளவு வந்துவிடும். மீன் குஞ்சு கொண்டுவரும் 16 லிட்டர் பாத்திரத்துக்கு இரண்டே துண்டு போதும். குஞ்சு ஏற்றி வரும் வண்டியில் பாத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து புகைப்பவரைக் கீழே இறக்கிவிடுவது மரியாதைக் குறைவு ஆகாது.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. நிகோடின் வெயிலிலும் தண்ணீரிலும் சில நாட்களில் சிதைந்துவிடும். ஓடும் தண்ணீரில் விரைவில் நீர்த்துப் போகும். எனவே நிறைந்த ஏரியைக் காட்டிலும், கோடையில் வற்றி ஒடுங்கிய ஏரிப் பள்ளமும், தொட்டியும், குட்டையும், கடற்கரைப் பாறைக் குழியும், வருடத்தின் முதல் மழை வெள்ளம் வந்து சேரும் வாய்க்கால் முகப்புமே ஆபத்தான இடங்கள். உலோகங்களும் நுண்ணிழைகளும் அப்படிச் சிதைவதில்லை, அடிச்சேற்றில் தங்கும்.

வேடந்தாங்கல் பக்கத்து விவசாயிகளுக்கு நீரின் தரம் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்று கண்டு, பறவையைச் சுடக் கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே, 1798-ல், எழுத்து மூலம் உரிமை வாங்கியவர்கள் அவ்வூரார். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் அங்கே கூடு கட்டும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் சரணாலய எல்லைக்குள் மட்டும் இரை தேடுவதில்லை. சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல் வயல்களிலும் உள்ள மீன், நத்தை, தவளைதான் அவற்றின் குஞ்சுக்கு உணவு. சரணாலய வாசலில் மட்டும் தடைப் பலகை வைத்துவிட்டுச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளை மறந்தால் அது அரைக் காவல்தான்.

கால்நடைகளைப் பொறுத்தவரை, வளர்ந்த மாட்டை ஒன்றிரண்டு துண்டு ஒன்றும் செய்யாது. கோழிக்குஞ்சு, நாய்க்குட்டி, இளங்கன்று, கண்டதைக் கடிக்கும் ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் கதை அப்படியல்ல. எச்சில் வழிதல், உடல் நடுக்கம், தள்ளாட்டம், வேக மூச்சு, கழிச்சல் ஆகியவை புகையிலை நஞ்சின் அறிகுறிகள். இவை தென்பட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகையிலை தின்றிருக்கலாம் என்ற சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கறவை மாடு தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பினால் தண்ணீரைக் கொட்டித் தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவது நல்லது. குடிக்கும் தண்ணீர் குறைந்தால் கறக்கும் பால் குறையும்.

மீன் குட்டையில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் சிகரெட்டின் மேல் பழி போட வேண்டாம். பெரும்பாலும் அது பிராணவாயுக் குறைவு. புதுத் தண்ணீர் பாய்ச்சினால், அல்லது தண்ணீரை அடித்துக் கலக்கிவிட்டால் சரியாகும். ஆனால் நல்ல வெயில் ஏறிய பிறகும், மழைத் தண்ணீர் புகுந்த மறுநாள், மீன்கள் தீனிக்கு வராமல், கையைத் தட்டினாலும் விலகாமல், பக்கவாட்டில் சாய்ந்து நீந்தினால் தண்ணீரில் ஏதோ நஞ்சு கலந்துள்ளது என்று கொள்ள வேண்டும். அது வயலில் அடித்த மருந்தாகவும் இருக்கலாம், சாலைக் கழிவாகவும் இருக்கலாம். நீர்வரத்து வாயை உடனே அடைத்துவிட்டுத்தான் காரணம் தேட வேண்டும்.

யார் பொறுப்பு?

சட்டம் இதில் வேடிக்கையாக நிற்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை விதித்தது. அந்தப் பட்டியலில் சிகரெட் பெட்டியைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் பில்டர்கள் இல்லை! உறை ஆகாது, உள்ளே இருப்பது ஆகும் என்பதற்கு என்ன நியாயம்? பொது இடத்தில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் தடை உண்டு. அது காற்றைக் காக்க வந்த விதி. துண்டு எங்கே போகிறது என்பதை அது கேட்கவில்லை. சிகரெட், பீடித் துண்டுகளை அப்புறப்படுத்த வழிமுறை வகுக்கும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உத்தரவிட்டது. அதன் பலன் ஏரிக்கரை டீக்கடை வரை இன்னும் வந்து சேரவில்லை. ஐரோப்பிய நாடுகள் 2019-ல் இயற்றிய சட்டத்தில், பில்டர் குப்பையை அள்ளும் செலவைத் தயாரிப்பாளரே ஏற்க வேண்டும் என்று வைத்துவிட்டன. பில்டரையே தடை செய்வதைப் பற்றி யோசிக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் 2022-ல் அரசுகளைக் கேட்டுக்கொண்டது. அதுதான் நேர் வழி. புகைப்பவருக்கும் பயன் இல்லை, மண்ணுக்கும் கேடு என்னும் பொருளை விற்க அனுமதித்துவிட்டு, அதைப் பொறுக்கும் வேலையைப் பஞ்சாயத்துத் தூய்மைக் காவலர் தலையில் கட்டுவது சரியல்ல.

மாமல்லபுரமும் கோவளமும் வெளியூர்க் கூட்டத்தால் பிழைக்கும் ஊர்கள். கோவளம் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அத்தகைய இடத்தில் மணலைச் சலித்துத் துப்புரவு செய்ய ஆட்களும் பணமும் கிடைக்கும். பத்துக் கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு சிற்றூர் ஏரிக்கு யார் இருக்கிறார்கள்? பாசனம் பெறும் விவசாயிகளும், மதகு திறக்கும் நீர்க்கட்டியும், மீன் குத்தகை எடுத்தவரும்தான். சட்டம் வரும் வரை அவர்கள் காத்திருக்க முடியாது.

செய்ய வேண்டியது செலவு பிடிக்கும் காரியம் அல்ல. பாதி மணல் நிரப்பிய தகர டப்பா ஒன்றை டீக்கடை வாசலில், மதகடியில், களத்து மேட்டில் வைத்தால் போதும். எதிரில் டப்பா இருந்தால் அதில் போடப் பலர் தயங்குவதில்லை. துண்டுகளைப் பொறுக்க வேண்டிய காலம் மழைக்கு முன்பு. நனைந்து அரை மணி நேரம் ஆன பிறகு பொறுக்கினால் பில்டர் மட்டும் கைக்கு வரும். நஞ்சில் பாதி தண்ணீரோடு போயிருக்கும். ஆகவே புரட்டாசிக் கடைசியில் வாய்க்கால் தூர் வாரும்போதே நீர்வரத்து வாயிலும் சாலையோரப் பள்ளத்திலும் கிடப்பவற்றைக் கூட்டி எடுத்துவிட வேண்டும். வாய்க்கால் முகப்பில் பழைய கொசுவலையோ மீன் வலையோ குறுக்கே கட்டினால் மிச்சம் அதில் தங்கும். மழை நாளில் அடைப்பு எடுக்காவிட்டால் வலை கிழிந்து எல்லாமே உள்ளே போகும் என்பதை மறக்கக் கூடாது.

சேர்த்த துண்டுகளை எருக்குழியில் போடக் கூடாது. பில்டர் மக்காது, உலோகம் எருவோடு வயலுக்குப் போகும். எரிக்கவும் கூடாது. புகையிலைக் கழிவுதானே என்று இவற்றை ஊற வைத்துப் பூச்சிக்கு அடிக்கும் யோசனை சிலருக்கு வரலாம். அதுவும் வேண்டாம். எரிந்த துண்டில் புகையிலையின் நஞ்சோடு தாரும் உலோகமும் சேர்ந்திருக்கின்றன. கீரையிலும் கத்தரியிலும் அதைத் தெளிப்பது சாப்பிடுகிறவருக்குச் செய்யும் கேடு. மூடிய டப்பாவில் வைத்து, மக்காத குப்பை எடுக்க வரும் தூய்மைக் காவலரிடம் கொடுப்பதே இப்போதைக்கு வழி.

தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் புகைக்கக் கூடாது, புகைத்த கையால் நாற்றைத் தொடக் கூடாது என்று வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சிகரெட், பீடிப் புகையிலையில் தங்கியிருக்கும் தேமல் நச்சுயிரி கை வழியே நாற்றுக்குப் பரவும் என்பதே காரணம். புகைத்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் நாற்றுப் பறிக்க இறங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் பல விவசாயிகள் கடைப்பிடிக்கிறார்கள். வேலைக்கு வந்தவர்களும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மீன் குஞ்சுத் தொட்டிக்கும், கன்று குடிக்கும் தொட்டிக்கும், மதகு வாய்க்கும் அதே கட்டுப்பாட்டைப் பத்தடி தள்ளிப் போட வேண்டியதுதான் பாக்கி. இந்த ஆண்டு குஞ்சு இருப்பு வைக்கும் குட்டைகளில் ஐப்பசி முதல் மழைக்கு முன் அதைத் தொடங்கலாம்.